தபால் பை திறக்காத நாட்கள்

தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்த நம்முள் பலர்க்கு ஒரு காட்சி இன்றும் மறந்திராது. பால் நிறுத்து முடிந்து, குளித்து, உண்டு, மக்கள் சற்றே இளைப்பாறும் வேளை. பட்டணத்து அஞ்சலகத்திற்குச் சென்ற அலுவலகப் பையன் சைக்கிளில் திரும்புவான். அவன் தோளில் தொங்கும் தபால் பையைக் கண்டதும் லயங்களிலிருந்து சிலர் எழுந்து அலுவலகத் தாழ்வாரத்தை நோக்கி நடப்பர். கிராணியார் பையைத் திறந்து, கடிதங்களைப் பிரித்து, பெயர் சொல்லி அழைப்பார். பெயர் வராதவர் ஒருவர் தயங்கித் தயங்கி, "ஐயா, நமக்குக் கடுதாசி ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்பார். "நாளைக்கு வரும், போ" என்பது கிராணியாரின் விடை.

நாளைக்கு வரும் என்ற அந்த நம்பிக்கையே அஞ்சல் துறையின் அடித்தளம். நாட்டின் எந்த மூலையிலிருந்து அனுப்பினாலும், எத்தனை கைகள் மாறினாலும், கடிதம் உரியவரிடம் சேரும் என்று நாம் நம்புகிறோம். நாள்தோறும் சூரியன் உதிப்பதைப் போல் அதுவும் தானாக நடப்பதாக எண்ணிக் கொள்கிறோம். அது தானாக நடப்பதன்று. ஆயிரக்கணக்கான ஊழியரின் உழைப்பினால் நடப்பது. அவ்வுழைப்பு ஒரு நாள் நின்றுவிட்டால் என்ன ஆகும்? கடைக்காரர், முதியோர், நோயாளி, தொலைவில் வாழ்வோர் ஆகியோரின் நிலை யாது? உலகின் சில நாடுகளில் அவ்வாறு நின்ற வேளைகளில் நேர்ந்தவற்றை ஈண்டு ஆராய்வோம்.

ஒரே சங்கிலியின் கண்ணிகள்

முதலில் அஞ்சல் சேவையின் தன்மையை அறிந்து கொள்ளுதல் நலம். ஒரு கடிதம் நம் கையை விட்டுப் போனபின் நான்கு நிலைகளைக் கடக்கிறது. பெட்டியிலிருந்து எடுக்கப்படுகிறது, ஊர்வாரியாகப் பிரிக்கப்படுகிறது, உந்துவண்டியிலோ, இரயிலிலோ, விமானத்திலோ ஏற்றிச் செல்லப்படுகிறது, இறுதியில் தபால்காரர் கையால் வீடு சேர்கிறது. இந்நான்கனுள் ஏதேனும் ஒன்று நின்றாலும் மற்ற மூன்றும் பயனற்றுப் போகும். பிரிப்பவர் இல்லையேல் வண்டிக்கு வேலையில்லை. வண்டி வந்தும் தபால்காரர் இல்லையேல் கடிதம் மூட்டையிலேயே கிடக்கும். வேறு பல தொழில்களில் ஆலை ஒன்று மூடினால் மற்றோர் ஆலையின் பொருளை வாங்கிக் கொள்ளலாம். அஞ்சலில் அவ்வாறு செய்ய இயலாது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் முழுச் சங்கிலியும் அறுந்ததே ஆகும்.

இரண்டாவது, அஞ்சல் கட்டணத்தில் உள்ள நீதி. பிரிட்டனில் ரோலண்ட் ஹில் என்பார் வகுத்த திட்டத்தின்படி 1840ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் ஒரே சீரான ஒரு பென்னி கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு மே 6ஆம் நாள் முதல் ஒட்டுந்தலை புழக்கத்திற்கு வந்தது. அடுத்த தெருவுக்கு அனுப்பினாலும், நாட்டின் மறுகோடிக்கு அனுப்பினாலும் அதே எடைக்கு ஒரே கட்டணம் என்பதே அதன் சாரம். நகரக் கடிதங்களால் வரும் வருவாய், சிற்றூர்க் கடிதங்களால் நேரும் செலவைத் தாங்கிக் கொள்கிறது. பட்டணத்து வணிகரும் காட்டோரத்துக் குடியானவரும் ஒரே தலையை ஒட்டி ஒரே உரிமையைப் பெறுகின்றனர். ஆதலால் அஞ்சல் நின்றால் முதலில் துன்புறுபவர் யார் என்பது தெளிவு. நகரத்தவர்க்கு வேறு வழிகள் உண்டு. தொலைவில் உள்ளவர்க்கு அந்த ஒட்டுந்தலை ஒன்றே வழி.

பிரிட்டனில் 47 நாட்கள்

இவ்வுண்மையை ஒரு நாடு முழுவதும் உணர்ந்த காலம் 1971ஆம் ஆண்டின் தொடக்கம். அவ்வாண்டு ஜனவரி 20ஆம் நாள் பிரிட்டனின் அஞ்சல் ஊழியர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். ஏறத்தாழ 2 லட்சம் பேர் அதில் பங்கு கொண்டனர். டாம் ஜாக்சன் என்பவர் அவர்தம் சங்கத்தின் பொதுச் செயலாளர். ஊழியர் கேட்ட ஊதிய உயர்வு நூற்றுக்கு 15 முதல் 20 வரை. நிர்வாகம் தர முன்வந்தது 8. இரு தரப்பும் இறங்கி வரவில்லை. 47 நாட்கள் நாட்டின் சிவப்புத் தபால் பெட்டிகள் பயனின்றி நின்றன.

அந்நாளில் அங்கே பாதிக்கும் குறைவான வீடுகளில்தான் தொலைபேசி இருந்தது என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். உறவினர் நலம் விசாரிப்பது, வேலைக்கு விண்ணப்பிப்பது, மருத்துவமனையில் நாள் குறிப்பது ஆகிய யாவும் பெரும்பாலும் கடிதத்தின் வழியே நடந்தன. இன்று நாம் கைப்பேசியில் செய்வனவற்றுள் பலவற்றை அன்று தபால்காரர் சுமந்தார்.

வணிகர்க்கு நேர்ந்த இடர் எத்தகையது என்பதை எடுத்துக்காட்டு ஒன்றினால் விளக்குவோம். சிற்றூர் ஒன்றில் விதைகளும் தோட்டக் கருவிகளும் விற்கும் ஒரு சிறு வணிகரை எண்ணிப் பாருங்கள். அவர் விலைப்பட்டியலைத் தபாலில் அனுப்புகிறார். வாடிக்கையாளர் தமக்கு வேண்டியதைத் தபாலில் எழுதிக் கேட்கிறார். பொருள் பார்சலாகத் தபாலில் செல்கிறது. விலைச்சீட்டும் தபாலில் செல்கிறது. இறுதியில் பணத்திற்குரிய காசோலையும் தபாலிலேயே வந்து சேர்கிறது. ஆக, ஒரு விற்பனைக்கு ஐந்து முறை தபால் தேவைப்படுகிறது. ஐந்தும் ஒரே கயிற்றில் இட்ட முடிச்சுகள்.

கயிறு அறுந்தவுடன் இரண்டு துன்பங்கள் ஒருங்கே வருகின்றன. புதிய விற்பனை நின்று போவது ஒன்று. முன்பே விற்ற பொருளுக்கு வர வேண்டிய பணம் வாராமற் போவது மற்றொன்று. பின்னதே கொடியது. ஏனெனில் கடை வாடகை காத்திருப்பதில்லை. வேலையாட்களின் வாரக் கூலி காத்திருப்பதில்லை. மின்கட்டணமும் மொத்த வியாபாரிக்குரிய கடனும் காத்திருப்பதில்லை. கணக்குப் புத்தகத்தில் இலாபம் இருக்கும். கல்லாவில் காசு இராது. பெரிய நிறுவனங்களுக்கோ சொந்த ஆட்களும், தொலை அச்சு இயந்திரங்களும், வங்கியில் கடன் வாங்கும் வசதியும் இருந்தன. அவை தட்டுத் தடுமாறியேனும் நடந்தன. சிறு வணிகரிடம் இருந்தது பொறுமை ஒன்றே. பொறுமையைக் கொண்டு கூலி கொடுக்க இயலுமா?

இந்த இடர்க்கு நடுவே மற்றொரு பெருமாற்றமும் வந்து சேர்ந்தது. 1971 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டன் தன் நாணய முறையை மாற்றியது. 240 பென்ஸ் கொண்ட பவுன், 100 புதிய பென்ஸ் கொண்டதாயிற்று. ஒவ்வொரு கடையும் தன் விலைகளைத் திருத்தி எழுத வேண்டியிருந்த அதே வேளையில், கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து இல்லை. புதிய நாணய மதிப்பிலான அஞ்சல் தலைகள் குறித்த நாளில் வெளிவந்தன. ஆனால் அவற்றை ஒட்டிய கடிதங்களை எடுத்துச் செல்வார் இல்லை. வேலை நிறுத்தத்தால் தாமதம் நேர்ந்தது என்ற முத்திரையுடன் பின்னர் வந்து சேர்ந்த உறைகளைத் தலை சேகரிப்போர் இன்றும் போற்றி வைத்துள்ளனர்.

தனியார் தபால் தந்த பாடம்

கடிதங்களைக் கொண்டு சேர்க்கும் உரிமை அதுவரை அஞ்சல் கழகத்திற்கே உரியதாய் இருந்தது. வேலை நிறுத்தக் காலத்தில் அரசாங்கம் அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தித் தனியார்க்கு இசைவு அளித்தது. உடனே பல ஊர்களில் தனியார் தபால்கள் முளைத்தன. சிலர் சொந்தமாகத் தலைகளையே அச்சிட்டுக் கொண்டனர். ஊருக்குள்ளும், பெருநகரங்களுக்கு இடையிலும் கடிதங்கள் ஓரளவு சென்றன.

ஆயினும் இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தனியார் தபால்கள் இலாபம் உள்ள இடங்களையே நாடின. கட்டணமும் அஞ்சலகத்தின் கட்டணத்தைவிட மிகுதி. மலையடிவாரத்தில் தனித்திருக்கும் பண்ணை வீட்டிற்கோ, கடல் நடுவே உள்ள சிறு தீவிற்கோ ஒரு கடிதத்தை எடுத்துச் செல்ல அவர்களுக்கு என்ன ஊக்கம் இருக்க முடியும்? ரோலண்ட் ஹில் வகுத்த அந்த ஒரே விலை நீதி, அஞ்சலகத்தின் கதவு மூடியவுடன் தானும் மறைந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஏழைக்கும் செல்வர்க்கும் பொதுவாய் இருந்த ஒன்று சில வாரங்களில் காசு உள்ளவர்க்கு மட்டும் உரியதாயிற்று.

இனி, ஊழியரின் நிலையையும் நாம் மறத்தல் ஆகாது. சங்கத்தின் கையிருப்பு அத்தனை பேருக்கும் உதவித் தொகை வழங்கப் போதுமானதாக இல்லை. வாரச் சம்பளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் ஏழு வாரங்கள் அதனை இழந்தன. இறுதியில் மார்ச் 8ஆம் நாள் ஊழியர்கள் பணிக்குத் திரும்பினர். கோரிக்கை விசாரணைக் குழு ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்குழு பரிந்துரைத்தது நூற்றுக்கு 9. முதலில் கிடைக்கவிருந்த எட்டுக்கும் இறுதியில் கிடைத்த ஒன்பதுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. அந்த ஒன்றிற்காக நாடு 47 நாட்கள் கடிதமின்றி இருந்தது. குழுவின் முன் ஏழு வாரங்களுக்கு முன்பே அமர்ந்திருந்தால் யாருக்கும் இழப்பு நேர்ந்திராதன்றோ?

படைவீரர் பிரித்த கடிதங்கள்

இதற்கு ஓராண்டிற்கு முன்னர், 1970 மார்ச் 18ஆம் நாள், அமெரிக்காவின் நியூயார்க் நகரில் தபால்காரர்கள் வேலையை நிறுத்தினர். கூட்டரசு ஊழியர் வேலை நிறுத்தம் செய்வது அங்குச் சட்டத்திற்குப் புறம்பானது. எனினும் சில நாட்களில் அது பல நகரங்களுக்குப் பரவி 2 லட்சத்திற்கும் மேற்பட்டோரைச் சேர்த்துக் கொண்டது. அவர்கள் மனக்குறைக்குக் காரணம் இருந்தது. முழு நேர வேலையில் இருந்தும் குடும்பத்தைக் காக்க இயலாமல், நியூயார்க்கில் அரசாங்க உதவி பெறத் தகுதியுடையவராய்ப் பல தபால்காரர்கள் இருந்தனர்.

வங்கிகளும் பங்குச் சந்தையும் கலங்கின. குடியரசுத் தலைவர் நிக்சன் மார்ச் 23ஆம் நாள் அவசர நிலையை அறிவித்து, கடிதங்களைப் பிரிக்கப் படைவீரர்களை நியூயார்க்கிற்கு அனுப்பினார். வீரர்கள் உடல் வலிமை மிக்கவர்களே. ஆனால் எந்தத் தெரு எந்த வட்டத்தைச் சேர்ந்தது, எந்த உறை எந்த அறையில் விழ வேண்டும் என்பது ஒரு நாளில் வரும் அறிவன்று. மூட்டைகள் பெரிய அளவில் குறையவில்லை. தபால்காரரின் தொழிலை எளிய தொழில் என்று கருதியவர்கள் அதன் நுட்பத்தை அன்று உணர்ந்தனர். சுமார் எட்டு நாட்களில் வேலை நிறுத்தம் முடிந்தது. பேச்சுவார்த்தை தொடர்ந்தது, ஊதியம் உயர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் அஞ்சல் சீரமைப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று. ஊதியத்தைக் குறித்துச் சங்கங்கள் நிர்வாகத்துடன் கூட்டாகப் பேசும் உரிமை அதனால் ஏற்பட்டது. வேலை நிறுத்த உரிமை வழங்கப்படவில்லை. அதற்கு மாற்றாக, பேச்சு முறிந்தால் நடுவர் தீர்ப்புக்குச் செல்லும் வழி வகுக்கப்பட்டது.

அண்டை வீட்டில் நடந்தது

தொலைதூர நாடுகளைப் பற்றியே பேசினோம். நமக்கு மிக அருகில், சிங்கப்பூரில், 1952ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் சுமார் 500 தபால்காரர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டிருந்த காலம் அது. தொழிலாளர் கூடி நின்றாலே ஐயத்துடன் நோக்கப்பட்ட காலம். புல்லர்டன் கட்டடத்தில் இருந்த தலைமை அஞ்சலகத்தின் முன் கூர்க்காக் காவலர்கள் ஆயுதத்துடன் நிறுத்தப்பட்டனர்.

தபால்காரர்களின் சங்கத்திற்குச் சட்ட ஆலோசகராய் இருந்தவர் 28 வயதே ஆன ஓர் இளம் வழக்கறிஞர். அவர்தாம் பின்னாளில் சிங்கப்பூரின் பிரதமரான லீ குவான் இயூ. அவருக்குத் துணையாகத் தபால்காரர்களின் நியாயத்தைப் பத்திரிகையில் எடுத்துரைத்தவர்களுள் ஒருவர், 'சிங்கப்பூர் ஸ்டாண்டர்டு' நாளிதழில் பணியாற்றிய சி. இராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிரம்பான் வட்டாரத்து இரப்பர்த் தோட்டத்தில் இளமையைக் கழித்தவர் அவர். தோட்டத்தின் வாழ்வை உள்ளிருந்து அறிந்தவர். பின்னாளில் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானார்.

அவ்வேலை நிறுத்தம் இரண்டு வாரங்களில் முடிவுற்றது. கலவரம் இல்லை, அழிவு இல்லை. கடிதம் கிடைக்காமல் மக்கள் இடருற்றனர் என்பது மெய்யே. ஆயினும் தபால்காரர்களின் சம்பளம் எத்துணைச் சிறியது, அவர்தம் குறை யாது என்பதைத் தெளிவாக எடுத்துரைத்தபோது மக்களின் பரிவு அவர்கள் பக்கம் திரும்பியது. நாள்தோறும் வெயிலிலும் மழையிலும் தம் வாயிலுக்கு வரும் மனிதரை மக்கள் அறிவர். அவர் வெறும் எண் அல்லர், முகம் உள்ளவர். பேச்சுவார்த்தையின் வழியே அவர்களுக்கு ஊதிய உயர்வு கிட்டியது. குறையை அறிவோடு சொல்லவும், பொறுமையோடு கேட்கவும் ஆட்கள் இருந்தால் விரைவில் தீர்வு பிறக்கும் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு சான்று.

கணினிக் காலத்திலும் கடிதம் வேண்டுமா?

"அது பழங்கதை, இப்பொழுது யாவும் கைப்பேசியில் வந்துவிட்டன, அஞ்சல் நின்றால் யாருக்கு என்ன?" என்று இளைஞர் சிலர் கேட்கக் கூடும். அதற்குக் கனடா நாடு விடை கூறும்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் கனடா அஞ்சல் கழகத்தின் ஊழியர் சுமார் 55,000 பேர் வேலை நிறுத்தத்தைத் தொடங்கினர். ஊதியமும், வார இறுதி நாட்களில் பார்சல் விநியோகத்திற்குப் பகுதி நேர ஊழியரை அமர்த்தும் திட்டமும் முக்கியமான பூசல்கள். அந்நாட்டில் 2006ஆம் ஆண்டில் 550 கோடி கடிதங்கள் விநியோகிக்கப்பட்டன. 2023ஆம் ஆண்டில் அத்தொகை 220 கோடியாகக் குறைந்திருந்தது. 2018ஆம் ஆண்டு முதல் கழகம் நட்டத்தில் இயங்கி வந்தது. ஆகவே நிர்வாகத்திற்கும் நெருக்கடி. ஊழியர்க்கும் எதிர்காலம் குறித்த அச்சம்.

கடிதம் இவ்வளவு குறைந்த பின்னரும் பாதிப்பு சிறிதாக இல்லை. காரணம், கடிதத்தின் இடத்தில் பார்சல் வந்து அமர்ந்திருந்தது. வீட்டிலிருந்தபடியே மெழுகுவர்த்தி, கைவினைப் பொருள், ஆடை, புத்தகம் ஆகியவற்றை இணையத்தில் விற்போர் பலர் கனடா அஞ்சலையே நம்பியிருந்தனர். கிறிஸ்துமஸ் பெருநாளுக்கு முந்திய அந்த ஆறு வாரங்களே அவர்களுக்கு ஆண்டின் அறுவடைக் காலம். நமக்குத் தீபாவளிச் சந்தை எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. அறுவடைக் காலத்தில் பாதை அடைபட்டது. தனியார் நிறுவனங்களின் கட்டணம் மிகுதி. சிறு பொருளின் விலையைவிட அனுப்பும் செலவு அதிகமாகும் நிலை. கட்டணத்தைத் தாமே ஏற்றால் இலாபம் இல்லை; வாடிக்கையாளர்மேல் சுமத்தினால் விற்பனை இல்லை.

அறநிறுவனங்களும் தவித்தன. ஆண்டிறுதியில் மக்கள் காசோலையாக அஞ்சலில் அனுப்பும் நன்கொடையே அவற்றுள் பலவற்றின் ஆண்டுச் செலவைத் தாங்குவது. கடவுச்சீட்டுகள் அஞ்சலில் சிக்கிக் கொள்ளாதிருக்க அவற்றை அனுப்பாமலே அரசாங்கம் நிறுத்தி வைத்தது. வடபகுதியில் பனி சூழ்ந்த குடியிருப்புகள் பலவற்றிற்குத் தனியார் நிறுவனங்கள் செல்வதே இல்லை. பக்கத்துப் பட்டணத்தில் மருந்தோ உதிரிப் பாகமோ வாங்கிக் கொள்ளலாம் என்றால், விமானத்தால் மட்டுமே சென்றடையக் கூடிய ஊர்களும் அவற்றுள் உண்டு. 1971ஆம் ஆண்டில் பிரிட்டனின் தனித்த பண்ணைவீடு கற்ற பாடத்தையே 2024ஆம் ஆண்டில் கனடாவின் வடபுலம் மீண்டும் கற்றது.

எனினும் ஒரு நற்செயலையும் நாம் குறிப்பிட வேண்டும். முதியோர் உதவித் தொகை, குழந்தைகள் உதவித் தொகை முதலிய காசோலைகளை மட்டும் வேலை நிறுத்தத்தின் போதும் கொண்டு சேர்ப்பது எனக் கழகமும் சங்கமும் உடன்பாடு செய்து கொண்டன. நிர்வாகத்தோடு பூசல் இருப்பினும் முதியவரின் அடுப்பு அணையலாகாது என்பதில் இரு தரப்பும் ஒத்தன. பூசலின் நடுவிலும் மனிதப் பண்பு நிலைத்திருக்க முடியும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

டிசம்பர் 13ஆம் நாள் தொழிலாளர் அமைச்சர் தலையிட்டு விவகாரத்தைத் தொழில் உறவு வாரியத்திடம் அனுப்பினார். 17ஆம் நாள் பணி மீண்டும் தொடங்கியது. ஆனால் மூலப் பூசல் தீரவில்லை. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் வேலை நிறுத்தம் மறுபடியும் மூண்டது. கட்டளையால் வேலையைத் தொடங்கச் செய்யலாம். மனக்குறையைத் தீர்க்க இயலாது என்பதை இது காட்டுகிறது. மேலும், வேறு வழி தேடிப் போன வாடிக்கையாளருள் சிலர் திரும்பி வருவதில்லை. அவர்கள் திரும்பாவிடில் அஞ்சலின் வருவாய் மேலும் குறையும். வருவாய் குறைந்தால் ஊழியர் கேட்பதைக் கொடுக்கும் வலிமையும் குறையும். தான் அமர்ந்திருக்கும் கிளை தளர்வதை நிர்வாகமும் சங்கமும் ஒன்றாகவே காண நேரிடும்.

நம் நாட்டில் உள்ள முறை

மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம், இத்தகைய இடரை முன்னறிந்து வழி வகுத்தது. மின்சாரம், தீயணைப்பு, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றோடு அஞ்சல் சேவையும் அதன் அட்டவணையில் இன்றியமையாச் சேவையாக இடம்பெற்றது. இத்தகைய சேவையில் உள்ளோர் வேலை நிறுத்தம் செய்ய முன்கூட்டியே எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும் என்றும், அறிவிப்புத் தந்து 21 நாட்கள் கழியுமுன் வேலையை நிறுத்தலாகாது என்றும் அச்சட்டம் விதித்தது. அந்த 21 நாட்கள் வெறும் காத்திருப்பு அல்ல. தொழில் உறவுத் துறை இரு தரப்பையும் அழைத்துப் பேச வைப்பதற்கான வாய்ப்பு அது. பேச்சு முறிந்தால் தொழில் நீதிமன்றம் உண்டு. விவகாரம் அங்குச் சென்றபின் வேலை நிறுத்தத்திற்கு இடமில்லை.

இம்முறை ஊழியரின் வாயை அடைப்பதற்கன்று. வேலையை நிறுத்தும் உரிமைக்கு எல்லை வகுக்கும்போது, குறையைக் கேட்கும் கடமை பன்மடங்காகிறது. இன்றியமையாச் சேவை என்று ஒருவர் தொழிலுக்குப் பட்டம் சூட்டிவிட்டு, அவர் ஊதியத்தை மட்டும் இன்றியமையாததாகக் கருதாமல் விடுவது முறையாகாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பூசல் முற்றியதற்கு, ஊழியரின் குறை நெடுநாள் கேட்பாரற்றுக் கிடந்ததே பெருங்காரணம் என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

தோட்டப்புற மக்கள் செய்யத் தக்கவை

நம் அஞ்சல் துறை 1992ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கழகமயமாக்கப்பட்டு 'போஸ் மலேசியா' ஆயிற்று. வேலை நிறுத்தம் ஒன்று மட்டுமன்று. வெள்ளம் பாதையை அடைக்கலாம். நோய்த்தொற்று ஊரை முடக்கலாம். தோட்டம் கைமாறி முகவரியே மாறலாம். காரணம் எதுவாயினும் கடிதம் வராத நாட்கள் வரக்கூடும். ஆதலால் சில பழக்கங்களை இப்பொழுதே மேற்கொள்ளுதல் நலம்.

முதலாவது, நாள் கணக்குள்ள கடிதங்களை அறிந்து வைத்திருங்கள். தவணை தவறிய வாகனத்தை மீட்டுக் கொள்ளுமுன் அதனைத் தவணைக்கு வாங்கியவருக்கு 21 நாள் அவகாசம் தரும் எழுத்து அறிவிப்பை 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் விதித்தது. இத்தகைய அறிவிப்பு கைக்கு வாராவிடில், நாட்கள் ஓடிவிட்டதை வண்டி போனபின்னரே ஒருவர் அறிவார். தவணை பாக்கி இருந்தால் கடிதத்திற்காகக் காத்திராமல் நிறுவனத்திடம் நேரில் சென்று கேட்டறிவதே அறிவுடைமை.

இரண்டாவது, வீடு மாறியவர்கள் சேமநிதி வாரியம், சொக்சோ, வங்கி, பள்ளி ஆகியவற்றிடம் புதிய முகவரியையும் கைப்பேசி எண்ணையும் தெரிவித்தல் வேண்டும். பழைய லயத்து முகவரிக்குச் செல்லும் கடிதத்திற்கு என்றும் வேலை நிறுத்தமே. மூன்றாவது, விண்ணப்பங்களை இறுதி நாள் வரை வைத்திருந்து அனுப்பாதீர்கள். ஒரு படி எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். நான்காவது, முறுக்கு, பலகாரம், தையல், பூ அலங்காரம் எனச் சிறுதொழில் செய்யும் நம் சகோதரிகள், பொருளை அனுப்பவும் பணத்தைப் பெறவும் ஒரே வழியை நம்பியிராமல் இரண்டாவது வழி ஒன்றையும் பழகிக் கொள்ளுதல் வேண்டும்.

ஐந்தாவதும் முக்கியமானதும் இது. நம் அண்டையில் தனித்து வாழும் முதியவர் இருப்பின், அவருக்கு வர வேண்டியது வந்ததா என்று கேளுங்கள். கைப்பேசியில் கணக்குப் பார்க்க அறியாத அவருக்குத் தபால்காரர் ஒருவரே வெளியுலகம். அந்த வாயில் அடைபடும் நாளில் நாம்தாம் அவருக்குக் கடிதம்.

கிராணியார் பெயர் சொல்லி அழைத்த அந்தத் தாழ்வாரங்கள் பல இன்று இல்லை. தோட்டங்கள் சில நகரியங்களாகிவிட்டன. ஆனால் கடிதத்தை எதிர்நோக்கி நிற்கும் மனிதர் இன்னும் இருக்கின்றனர். அதனைச் சுமந்து வருபவரும் அவரைப் போன்ற ஓர் உழைப்பாளரே. இவ்விருவரில் எவருக்கும் அநீதி நேராமல், நிர்வாகமும் சங்கமும் காலத்தே அமர்ந்து பேசுமாயின், "நாளைக்கு வரும்" என்ற அந்தப் பழைய விடை என்றும் பொய்க்காது.